காற்றை அளக்கிறோம், சொல்கிறோமா? பாடசாலை வாசலுக்கு வராத ஒரு தகவல் பற்றி

2022ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் திகதியை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். வங்காள விரிகுடாவில் மண்டோஸ் சூறாவளி. நாடெங்கும் வழமைக்கு மாறான குளிர். காலையில் எழுந்து பார்த்தால் தூரத்துக் கட்டிடங்கள் எல்லாம் மங்கலாகத் தெரிந்தன. முதலில் அதைப் பனி என்றே நினைத்தோம். பிறகுதான், அது இந்திய நிலப்பரப்பின் மேலாக வந்த மாசடைந்த காற்று என்றும் பல நகரங்களில் காற்றின் தரம் ஆரோக்கியமற்ற மட்டத்துக்குச் சென்றுவிட்டது என்றும் செய்திகள் வந்தன. மறுநாள் வெள்ளிக்கிழமை அரச பாடசாலைகள் மூடப்படும் என்று கல்வி அமைச்சு அறிவித்தது.

ஆனால் அந்த வியாழக்கிழமை பகல் பாடசாலை வழமைபோல் நடந்தது. காலைக் கூட்டம் மைதானத்தில் நடந்தது. உடற்கல்விப் பாடத்துக்குப் பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பினோம். வகுப்பில் இரண்டு மூன்று பிள்ளைகள் இருமிக்கொண்டிருந்தார்கள். குளிர்தானே என்று நானும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அன்று இரவு எங்கள் ஆசிரியர்களின் வட்ஸ்அப் குழுவில் மூன்று படங்கள் வந்தன. மூன்றும் காற்றின் தரத்தைச் சொன்னவை. ஒன்று கைத்தொலைபேசிச் செயலி ஒன்றிலிருந்து எடுத்தது, ஒன்று உள்நாட்டு நிறுவனப் பட்டியல், ஒன்று வெளிநாட்டு இணையத்தளம். மூன்றிலும் வெவ்வேறு எண்கள், வெவ்வேறு நிறங்கள். எது எத்தனை மணிக்கு அளந்தது, எந்த ஊரில் அளந்தது என்று எவருக்கும் தெரியவில்லை. அப்போது ஒரு தாய் எனக்கு அழைப்பு எடுத்தார். "டீச்சர், திங்கக்கிழமை மகன அனுப்பலாமா? அவருக்கு முட்டு இருக்கு, தெரியும்தானே" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து வருகிறது. காற்று எவ்வளவு கெட்டது என்பதைப் பற்றி நிறையவே எழுதப்பட்டுவிட்டது. நான் சொல்ல வருவது வேறு. நம் நாட்டில் காற்றை அளக்கும் கருவிகள் இருக்கின்றன, அளப்பவர்களும் இருக்கிறார்கள். அளந்த தகவல் ஒரு அரச நிறுவனத்திலிருந்து இன்னொரு நிறுவனத்துக்கும், அங்கிருந்து பாடசாலைக்கும், நேரத்தோடு போய்ச் சேர்வதில்தான் குறை இருக்கிறது.

நமக்குத் தெரிந்த ஓர் ஏற்பாடு

தரவுப் பகிர்வு, ஒருங்கிணைந்த தகவல் முறைமை என்றெல்லாம் சொன்னால் அது ஏதோ கணினிக்காரர்களின் விடயம் போலத் தோன்றும். ஆனால் அதன் அடிப்படை நம் சமூகத்துக்குப் புதியதல்ல. ஒவ்வொரு மாதமும் தலைப்பிறை பார்க்கும் ஏற்பாட்டை எடுத்துக்கொள்வோம்.

நாட்டின் பல ஊர்களிலும் மக்கள் பிறை பார்க்கிறார்கள். கண்டவர் சும்மா "கண்டேன்" என்று சொன்னால் போதாது. எந்த ஊரில், எந்த நேரத்தில், எந்தத் திசையில், யாருடன் நின்று கண்டார் என்று விசாரிக்கப்படும். அந்தத் தகவல்கள் கொழும்பு பெரிய பள்ளிவாசலில் கூடும் பிறை மாநாட்டுக்கு வந்து சேரும். அங்கே பெரிய பள்ளிவாசல், அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா, முஸ்லிம் சமய பண்பாட்டலுவல்கள் திணைக்களம் ஆகியவற்றின் பிரதிநிதிகள் கூடியிருந்து, வந்த சாட்சியங்களைப் பரிசீலித்து ஒரு முடிவை அறிவிப்பார்கள். அந்த முடிவு வானொலியிலும் பள்ளிவாசல் ஒலிபெருக்கியிலும் சில நிமிடங்களில் கிராமம் வரை போய்விடும்.

முடிவில் எல்லோருக்கும் எப்போதும் ஒரே கருத்து இருப்பதில்லை. அது வேறு விடயம். ஏற்பாட்டைப் பாருங்கள். பார்ப்பவர்கள் பல இடங்களில் இருக்கிறார்கள், சாட்சியத்தைச் சோதிக்க ஒரு முறை இருக்கிறது, பல நிறுவனங்கள் ஒரே மேசையில் அமர்கின்றன, அறிவிப்பு ஒரே குரலில் கடைசி மனிதர் வரை போகிறது. காற்றின் தரத்துக்கும் நமக்குத் தேவைப்படுவது இந்த நான்கும்தான்.

யாரிடம் என்ன இருக்கிறது?

இலங்கையில் காற்றைப் பற்றிய தகவல் ஒரே இடத்தில் இல்லை. அதற்கு யாரையும் குற்றம் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் கடமைக்காகத் தன் தகவலைச் சேர்க்கிறது.

1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தின்படி, காற்றின் தரத்துக்கான நியமங்களும் தொழிற்சாலைகளுக்கான சுற்றாடல் பாதுகாப்பு உரிமமும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் பொறுப்பில் வருகின்றன. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் பல நகரங்களில் காற்றை அளக்கிறது. செய்திகளில் நாம் கேட்கும் காற்றுத்தர எண்களில் பல அங்கிருந்து வருபவை. காற்று எந்தத் திசையிலிருந்து வீசுகிறது, நாளை மழை பெய்து தூசு அடங்குமா என்பது வளிமண்டலவியல் திணைக்களத்துக்குத் தெரியும். வாகனப் புகைப் பரிசோதனை முடிவுகள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பக்கம் இருக்கின்றன. அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியிலிருந்து என்ன வெளியேறுகிறது என்ற விபரம் மின்சாரத் துறையிடம் இருக்கிறது. எந்தக் குப்பைமேடு எப்போது தீப்பற்றியது என்பது பிரதேச சபைக்கும் நகர சபைக்கும் தெரியும்.

சுகாதாரத் துறையிடம் இருப்பது இன்னொரு வகைத் தகவல். அரசாங்க வைத்தியசாலைகளில் என்னென்ன நோய்க்கு எத்தனை பேர் அனுமதிக்கப்பட்டார்கள் என்ற விபரம் காலாண்டுக்கு ஒருமுறை தொகுக்கப்படுகிறது. ஆனால் அது வார்டில் அனுமதிக்கப்பட்டவர்களைப் பற்றிய தொகுப்பு. இரவில் மூச்சு முட்டி, வெளிநோயாளர் பிரிவில் நெபுலைசர் வைத்துவிட்டு, விடிய வீடு திரும்பும் பிள்ளை அந்தக் கணக்கில் வருவதில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் கணக்கு, நேற்றைய காற்றுக்கும் நேற்றிரவு வந்த இழுப்புக்கும் உள்ள தொடர்பைக் காட்டாது.

இவர்களுக்கிடையே பேச்சே இல்லை என்று நான் சொல்லவில்லை. குழுக்கள் இருக்கின்றன, கூட்டங்கள் நடக்கின்றன. பல நிறுவனங்கள் சேர்ந்து வேலை செய்தால் என்ன நடக்கும் என்பதற்கு நல்ல உதாரணமும் நம்மிடம் உண்டு. 2002ஆம் ஆண்டு ஈயம் கலந்த பெற்றோலை இந்த நாடு முற்றாகக் கைவிட்டது. அது ஒரு தனி நிறுவனத்தால் ஆகியிருக்கக்கூடிய காரியமல்ல. ஆனால் கொள்கை முடிவுக்காகக் கூடுவது வேறு, ஒவ்வொரு மணித்தியாலமும் மாறும் அளவைப் பகிர்வது வேறு. காற்று அடுத்த மாதக் கூட்டம் வரை காத்திருக்காது.

ஒரே காற்று, நான்கு பெயர்கள்

தகவலைப் பகிர்வதென்றால் எண்ணை அனுப்பிவிட்டால் போதும் என்று நினைக்கலாம். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

காற்றில் உள்ள நுண்துகள்களில் அதிகம் பேசப்படுவது பீ.எம். 2.5. அதாவது 2.5 மைக்ரோமீற்றரோ அதற்குக் குறைவோ விட்டமுள்ள துகள். தலைமுடியின் தடிப்பில் ஏறத்தாழ 30இல் ஒரு பங்கு. மூக்கிலும் தொண்டையிலும் தங்காமல் நுரையீரலின் ஆழம் வரை செல்லும். ஒரு கன மீற்றர் காற்றில் எத்தனை மைக்ரோகிராம் துகள் இருக்கிறது என்று இதை அளப்பார்கள்.

ஒரு நாள் முழுவதற்குமான சராசரி 45 மைக்ரோகிராம் என்று வைத்துக்கொள்வோம். இலங்கையில் 2008ஆம் ஆண்டு வர்த்தமானியில் வெளியான நியமத்தின்படி 24 மணித்தியால எல்லை 50. ஆகவே இந்தக் காற்று சட்டப்படி எல்லைக்குள் இருக்கிறது. இந்தியாவின் தேசிய சுட்டெண்ணில் 31 முதல் 60 வரை 'திருப்திகரம்'. அமெரிக்கச் சுட்டெண்ணிலோ அதே 45, 'பாதிப்புக்குள்ளாகக் கூடியவர்களுக்கு ஆரோக்கியமற்றது' என்ற செம்மஞ்சள் நிறத்தில் வரும். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டலில் ஒரு நாளுக்கான அளவு 15. அதன்படி பார்த்தால் இது மூன்று மடங்கு.

ஒரே ஊரின் ஒரே நாள் காற்றுக்கு நான்கு வெவ்வேறு தீர்ப்புகள். எவரும் பொய் சொல்லவில்லை, ஒவ்வொருவரும் ஒவ்வொரு அளவுகோலை வைத்திருக்கிறார்கள். எங்கள் வட்ஸ்அப் குழுவில் மூன்று படங்கள் மூன்று விதமாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. சுட்டெண் வேறு, மைக்ரோகிராம் வேறு. அமெரிக்கச் சுட்டெண்ணில் 100 என்று வந்தால், காற்றில் 100 மைக்ரோகிராம் இருக்கிறது என்று அர்த்தமல்ல. அது சுமார் 35 மைக்ரோகிராமைக் குறிக்கும். சுட்டெண்ணின் எல்லைகளும் காலத்துக்குக் காலம் மாறும். 2024ஆம் ஆண்டு அமெரிக்கா தன் 'நல்லது' என்ற பிரிவின் மேல் எல்லையை 12 மைக்ரோகிராமிலிருந்து 9க்குக் குறைத்தது. 10 மைக்ரோகிராம் கொண்ட காற்று அதற்கு முன் பச்சை, அதற்குப் பின் மஞ்சள். காற்று மாறவில்லை, கணக்கு மாறியது.

ஆகவே அரச நிறுவனங்கள் தங்களுக்குள் பகிர வேண்டியது நிறத்தையோ சுட்டெண்ணையோ மட்டுமல்ல. அளந்த அளவை அப்படியே பகிர வேண்டும். அதனோடு சில விபரங்களும் கட்டாயம் போக வேண்டும். எந்த இடம், எந்த நேரம், ஒரு மணித்தியாலச் சராசரியா அல்லது ஒரு நாள் சராசரியா, எந்த வகைக் கருவி, கடைசியாக அந்தக் கருவி எப்போது சரிபார்க்கப்பட்டது என்பவை அந்த விபரங்கள். பிறை கண்டவரிடம் திசையும் நேரமும் கேட்பது போலத்தான் இதுவும்.

நேரம் என்பது சின்ன விடயம் போலத் தெரியும். சர்வதேச முறைமைகளில் கிரீன்விச் நேரத்தில் பதிவது வழக்கம். நமது காலை 7.30 மணி அங்கே அதிகாலை 2 மணி. ஒரு நிறுவனம் உள்ளூர் நேரத்திலும் இன்னொன்று கிரீன்விச் நேரத்திலும் பதிந்து, அதைக் கவனிக்காமல் இரண்டையும் சேர்த்தால், பிள்ளைகள் பாடசாலை வாசலில் வேன்களுக்கும் பஸ்களுக்கும் நடுவே நிற்கும் நேரத்துப் புகை, எல்லோரும் தூங்கும் நேரத்துப் புகையாகப் பதிவாகிவிடும்.

கருவியும் அப்படித்தான். இப்போது குறைந்த விலையில் சிறிய உணரிகள் கிடைக்கின்றன. நல்லதுதான். ஆனால் நம் நாட்டைப் போல ஈரப்பதன் அதிகமான இடங்களில் அவை துகளின் அளவைக் கூட்டிக் காட்டக்கூடும். பெரிய கருவியோடு ஒப்பிட்டுத் திருத்தாமல் அந்த எண்ணை அப்படியே நம்ப முடியாது.

மற்றவர்கள் எப்படிச் செய்தார்கள்?

அமெரிக்காவில் 'எயர்நவ்' என்ற ஏற்பாடு 1990களின் பிற்பகுதியில் தொடங்கியது. அங்கே காற்றை அளப்பவர்கள் பெரும்பாலும் மாநில, உள்ளூர், பழங்குடி நிர்வாகங்கள். கருவி அவர்களுடையது, தரவும் அவர்களுடையது. ஆனால் ஒவ்வொரு மணித்தியாலமும் அந்த அளவை ஒரே வடிவத்தில் ஒரு மத்திய நிலையத்துக்கு அனுப்ப ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இப்படி 100க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அனுப்புகின்றன. சுற்றாடல், வானிலை, தேசிய பூங்கா, விண்வெளி, நோய்க்கட்டுப்பாடு ஆகிய துறைகளின் மத்திய நிறுவனங்கள் இதில் பங்காளிகள். வந்த எண்ணைக் கணினி முதலில் சோதிக்கும். நம்ப முடியாத அளவாக இருந்தால் ஒதுக்கி வைக்கும். மற்றவை வரைபடத்தில் வந்துவிடும்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. எயர்நவ்வில் வரும் எண் முதற்கட்ட எண் என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள். அது இன்று பிள்ளை மைதானத்துக்குப் போகலாமா என்று முடிவெடுப்பதற்கானது. சட்ட நடவடிக்கைக்கும் ஆய்வுக்கும் பயன்படும் தரவு, நன்றாகச் சரிபார்க்கப்பட்ட பிறகு வேறொரு களஞ்சியத்துக்குப் போகிறது. முழுமையாகச் சரிபார்க்கும் வரை எதையும் வெளியிட மாட்டோம் என்றால் அதற்குள் காற்று மாறிவிடும். சரிபார்க்காததை வைத்து வழக்குப் போட்டால் அது நியாயமல்ல. இரண்டு தேவைக்கும் இரண்டு பாதைகள் என்று பிரித்திருக்கிறார்கள்.

2020இல் காட்டுத்தீப் புகையைக் காட்டும் ஒரு வரைபடத்தைச் சுற்றாடல் பாதுகாப்பு நிறுவனமும் வனச் சேவையும் சேர்ந்து வெளியிட்டன. அதில் பொதுமக்கள் வீடுகளில் பொருத்திய சிறிய உணரிகளின் அளவும், உரிய திருத்தத்தோடு, வேறு அடையாளத்தில் சேர்க்கப்பட்டது. பெரிய கருவி இல்லாத ஊர்க்காரருக்கும் ஓரளவு பதில் கிடைத்தது.

இதே நாட்டிலிருந்து இன்னொரு பாடமும் உண்டு. பல நாடுகளில் உள்ள அமெரிக்கத் தூதரகங்களில் காற்றளக்கும் கருவிகள் இருந்தன. கொழும்பிலும் ஒன்று இருந்தது. அந்த அளவைப் பலரும் பார்த்து வந்தோம். 2025 மார்ச் மாதம் அந்தத் தூதரகத் தரவுகளைப் பொதுவெளியில் பகிர்வதை அமெரிக்க வெளியுறவுத் திணைக்களம் நிறுத்திக்கொண்டது. அடுத்த வீட்டு மணிக்கூட்டைப் பார்த்தே நோன்பு திறந்து பழகியவர், அந்த வீட்டார் வீடு மாறினால் என்ன செய்வார்? நமது பிள்ளைகளுக்குத் தேவையான தகவலுக்கு நமது நாட்டிலேயே நிலையான ஏற்பாடு வேண்டும்.

நம்மால் முடியாதா?

இதையெல்லாம் பணக்கார நாடுகள் செய்யும், நம்மால் ஆகுமா என்று சிலர் கேட்கலாம். ஆகும். ஏற்கனவே வேறு விடயங்களில் செய்துகொண்டுதான் இருக்கிறோம்.

டெங்குவைப் பாருங்கள். ஒரு பிள்ளைக்கு டெங்கு என்று வைத்தியர் சந்தேகித்தாலே எச்-544 படிவத்தை நிரப்பி அறிவிக்க வேண்டும். அது சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போகும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்கு வந்து தண்ணீர் தேங்கிய சிரட்டையைத் தேடுவார். ஒவ்வொரு வாரமும் தகவல் கொழும்பிலுள்ள தொற்றுநோயியல் பிரிவுக்குச் சேரும். எந்த மாவட்டத்தில் கூடுகிறது என்று நாடே அறியும்.

மண்சரிவையும் பாருங்கள். மழை கூடினால் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலாளர் பிரிவு வாரியாக மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று எச்சரிக்கை விடுக்கும். அது அனர்த்த முகாமைத்துவ நிலையம், மாவட்டச் செயலகம், கிராம உத்தியோகத்தர் என்று இறங்கி வரும். மாவனல்லையிலும் பதுளையிலும் மலையடிவாரத்தில் இருப்பவர்களுக்கு அந்த மூன்று நிறங்களின் அர்த்தம் மனப்பாடம். காற்றை அளப்பதும் இதே நிறுவனம்தான். மண்ணுக்குப் போடப்பட்ட பாதையில் காற்றுக்கும் ஒரு வரி சேர்த்தால் என்ன?

ஏன் ஒரு நிறுவனம் தனியாக இதைச் செய்ய முடியாது என்பதற்குப் புத்தளம் நல்ல உதாரணம். நுரைச்சோலையில் 900 மெகாவாற் கொள்ளளவுள்ள நிலக்கரி மின்நிலையம் இருக்கிறது. சாம்பலும் நிலக்கரித் தூசும் வீடுகளில் படிவதாக அங்குள்ள மக்கள் நெடுங்காலமாக முறையிட்டு வருகிறார்கள். வடக்கிலிருந்து 1990இல் வெளியேற்றப்பட்டு வந்து புத்தளம் மாவட்டத்தில் குடியேறிய நம் மக்கள் பலரும் அந்தப் பக்கத்தில்தான் வாழ்கிறார்கள். அவர்களது முறைப்பாட்டை ஆராய வேண்டுமென்றால் மின்நிலையத்தின் புகைபோக்கி அளவு வேண்டும், அந்த நாட்களில் காற்று எந்தப் பக்கம் வீசியது என்று வேண்டும், ஊருக்குள் இருந்த துகளின் அளவு வேண்டும், வைத்தியசாலைக்கு வந்தவர்களின் எண்ணிக்கை வேண்டும். இவை குறைந்தது நான்கு நிறுவனங்களின் கோப்புகள். போதாக்குறைக்கு, புத்தளம் இருக்கும் வடமேல் மாகாணத்துக்கு 1990ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க நியதிச்சட்டத்தின் கீழ் தனியாக ஒரு மாகாணச் சுற்றாடல் அதிகாரசபை உண்டு. மற்ற மாகாணங்களில் மத்திய அதிகாரசபை செய்யும் பல வேலைகளை அங்கே அதுவே செய்கிறது.

இந்தக் கோப்புகளை ஒரே நேரக் கோட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மக்கள் சொல்வது சரியா, மிகையா என்று தெரிந்துவிடும். சரியென்றால் அவர்களுக்கு நியாயம் கிடைக்கும். மிகையென்றால் மின்நிலையத்தின் மீதுள்ள பழி நீங்கும். பகிராத வரை இரு தரப்புக்கும் சந்தேகம் மட்டுமே மிச்சம்.

காற்றுக்கு எல்லை தெரியாது என்பதையும் மறக்கக் கூடாது. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் யாழ்ப்பாணம், மன்னார் முதல் திருகோணமலை, மட்டக்களப்பு வரை வந்து சேரும் காற்றில் பக்கத்து நாடுகளின் புகையும் கலந்திருக்கும். இதை உணர்ந்துதான் 1998இல் மாலைதீவின் தலைநகரில் இலங்கை, இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ், நேபாளம், பூட்டான், மாலைதீவு, ஈரான் ஆகிய எட்டு நாடுகளும் சேர்ந்து மாலே பிரகடனத்தை ஏற்றுக்கொண்டன. எல்லை கடந்து வரும் வளி மாசைச் சேர்ந்து அளப்பதும் தகவலைப் பகிர்வதும் அதன் நோக்கம். நாடுகளுக்கிடையில் பகிர ஒப்புக்கொண்டவர்கள், ஒரே நாட்டின் திணைக்களங்களுக்கிடையில் பகிரத் தயங்குவதற்குக் காரணம் இருக்க முடியாது.

தயக்கங்கள்

தயக்கங்கள் இருப்பதும் உண்மைதான். அவற்றை ஒதுக்கிவிட முடியாது.

முதலாவது, மக்கள் பீதியடைவார்கள், சுற்றுலாவுக்குப் பாதிப்பு என்பது. ஆனால் தகவல் இல்லாதபோதுதான் பீதி கூடும். மூன்று படங்களைப் பார்த்துக் குழம்பிய எங்கள் குழுவே அதற்குச் சாட்சி. மழை எச்சரிக்கையைக் கேட்டு யாரும் நாட்டை விட்டு ஓடுவதில்லை, குடையை எடுத்துக்கொள்கிறார்கள்.

இரண்டாவது, தவறான எண் வெளியாகிவிட்டால் யார் பொறுப்பு என்பது. இது நியாயமான பயம். அதனால்தான் நிறுவனங்களுக்கிடையில் எழுத்துமூல உடன்படிக்கை வேண்டும். யார் அனுப்புவது, எத்தனை மணிக்கு, எந்த வடிவத்தில், யார் சரிபார்ப்பது, பிழை வந்தால் யார் எப்படித் திருத்தி அறிவிப்பது என்று அதில் இருக்க வேண்டும். கருவி யாருடையதோ தரவும் அவர்களுடையதாகவே இருக்கலாம். பகிர்வது என்றால் பறிகொடுப்பது அல்ல.

மூன்றாவது, நோயாளர்களின் அந்தரங்கம். காற்றுத் தரவோடு ஒப்பிடுவதற்கு எந்தப் பிள்ளையின் பெயரும் முகவரியும் தேவையில்லை. இன்ன வைத்தியசாலைக்கு இன்ன நாளில் மூச்சுத் திணறலோடு இத்தனை பேர் வந்தார்கள் என்ற எண்ணிக்கை போதும். 2022ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும் நாட்டில் இந்த எல்லையைப் பேணுவது கடினமல்ல.

நாம் என்ன செய்யலாம்?

ஒன்று, கேட்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், எந்தப் பிரஜையும் ஒரு பொது அதிகாரசபையிடம் தகவல் கேட்கலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் தங்கள் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். உங்கள் ஊருக்கு மிக அருகில் காற்று எங்கே அளக்கப்படுகிறது, கடந்த வருடத்து மணித்தியால அளவுகள் என்ன, அவை எந்தெந்த நிறுவனங்களுக்கு அனுப்பப்படுகின்றன என்ற மூன்று கேள்விகள் போதும். மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கமோ பள்ளிவாசல் நிர்வாகமோ உறுப்பினர் ஒருவர் மூலமாக இதைச் செய்யலாம்.

இரண்டு, பாடசாலையில் முன்கூட்டியே ஒரு முடிவெடுத்து வைக்கலாம். அறிவித்தல் எந்த மட்டத்தில் வந்தால் காலைக் கூட்டத்தை மண்டபத்துக்குள் வைப்பது, எந்த மட்டத்தில் விளையாட்டை நிறுத்துவது, ஆஸ்துமா உள்ள பிள்ளைகளின் பட்டியலும் இன்ஹேலரும் யாரிடம் இருப்பது என்று அதிபரும் ஆசிரியர்களும் ஒரு தாளில் எழுதி ஒட்டிவைத்தால், தகவல் வரும் நாளில் யோசித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. பாடசாலையை மூடுவது மட்டுமே ஒரே வழி என்ற நிலையும் மாறும். மூடினால் பிள்ளை வீட்டில் விறகு அடுப்புக்கும் நுளம்புத்திரிக்கும் பக்கத்தில் இருக்கலாம், அதுவும் புகைதான்.

மூன்று, வட்ஸ்அப்பில் காற்றுத்தரப் படம் ஒன்று வந்தால், இடம், நேரம், அளவுகோல் இந்த மூன்றும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். விசாரிக்காமல் செய்தியைப் பரப்பக் கூடாது என்பது நமக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டிய ஒழுக்கமல்ல.

அதிகாரிகளிடம் கேட்க வேண்டியதும் பெரிதாக ஒன்றுமில்லை. ஏற்கனவே அளப்பவற்றை ஒரே வடிவத்தில், ஒரே இடத்தில், மணித்தியாலத்துக்கு ஒருமுறை சேர்க்கட்டும். அதைத் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிடட்டும். காலை 6.30 மணிக்கு முன் வலயக் கல்வி அலுவலகத்தினூடாக அதிபருக்கு ஒரு வரி வரட்டும். பள்ளிவாசல், விகாரை, கோவில், தேவாலயம் என்று ஒலிபெருக்கி உள்ள இடங்களுக்கும் அந்த ஒரு வரி போகட்டும்.

பொதுப்பணத்தில் வாங்கிய கருவி அளந்த அளவு, அந்தத் திணைக்களத்திடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அமானிதத்தைப் பத்திரமாக வைத்திருந்தால் மட்டும் போதாது, உரியவரிடம் உரிய நேரத்தில் சேர்க்கவும் வேண்டும். இங்கே உரியவர் யார் என்றால், மைதானத்தில் வரிசையில் நின்று இருமும் பிள்ளைதான்.

அன்று கேட்ட அந்தத் தாய்க்கு, "கொஞ்சம் பாத்து அனுப்புங்க" என்று மட்டும் சொன்னேன். எதைப் பார்ப்பது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அடுத்த டிசம்பரில் வானம் மங்கும்போது, "இன்று காலை நம் ஊரில் அளவு இவ்வளவு, மகன அனுப்புங்க, ஆனா மைதானத்துக்கு விட மாட்டோம்" என்று நான் சொல்ல வேண்டும். அதைச் சொல்வதற்குத் தேவையான தகவல் இந்த நாட்டில் எங்கோ ஒரு கணினியில் ஏற்கனவே இருக்கக்கூடும். அது என் கைக்கு வர வேண்டும், அவ்வளவுதான்.